பொதுத்தேவைக்கு எழுதிய காணி: இலங்கை மலைநாட்டுக் கந்தோர்களின் சேவை எப்படி?

பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிய அரை ஏக்கர். மருந்துச்சாலைக்கென்று விட்ட ஒரு துண்டு. பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொடுத்த மைதானம். கொடுத்தவர் இறந்து பல காலம் ஆகியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் கதை தெரியும். இடத்தைப் போய்ப் பார்த்தால் யாரோ வேலி போட்டு லீக்ஸ் வைத்திருப்பார், அல்லது அரசாங்கமே அதை வேறு வேலைக்கு ஒதுக்கியிருக்கும். அரசாங்கம் வாக்குத் தவறிவிட்டது என்று ஊரார் சொல்வது உண்மைதான். ஆனால் அது எந்த மேசையில் தவறியது என்று காகிதத்தோடு காட்டினால்தான் காணி திரும்பும். இங்கே மதிப்பிடுவது அந்த மேசைகளை: காணிப் பதிவகம், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவு, நில அளவை, தகவல் அறியும் உரிமைப் பிரிவு.

முடிவை முதலிலேயே சொல்லலாம். பதிவகம் நல்ல சேவை. தகவல் உரிமை அதைவிட நல்லது. அளவை நம்பகமானது, ஆனால் நாள் எடுக்கும். காணிப் பிரிவு ஏமாற்றம் தருகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. காணி யாருடையது என்று பார்க்க அரசில் ஆள் உண்டு. எதற்காகக் கொடுத்த காணி, அதற்குத்தான் பயன்படுகிறதா என்று பார்க்கும் கடமை எந்த மேசைக்கும் இல்லை.

பதிவகத்திலிருந்து தொடங்க வேண்டும். நுவரெலியா, கண்டி, மாத்தளை, பதுளை என்று மாவட்டத்துக்கு மாவட்டம் பதிவகம் உண்டு. நீங்கள் குடியிருக்கும் இடத்தைப் பார்க்காமல், காணி இருக்கும் இடத்துக்குரிய பதிவகத்துக்குப் போங்கள். உறுதியின், அதாவது காணிப் பத்திரத்தின் இலக்கம், திகதி, அதை எழுதி அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசின் பெயர் மூன்றும் இருந்தால் தேடல் சுலபம். பழைய உறுதியின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ ஓர் எழுத்தும், ஒரு எண்ணும், சாய்கோடு போட்டு இன்னொரு எண்ணும் இருக்கும். அதுதான் வொலியூம், போலியோ, அதாவது காணியின் பதிவு இருக்கும் ஏடும் பக்கமும். அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எதுவுமே இல்லையென்றால் காணியின் பெயரும் கிராமத்தின் பெயரும் வைத்து அட்டவணையில் தேடலாம். ஆனால் ஒரே காணிப் பெயர் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் வரும், எழுத்துக்கூட்டலும் மாறும். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

போலியோவைத் திறந்ததும் நன்கொடை பதிந்த வரியோடு நிறுத்தக் கூடாது. அதற்கு மேலே, கொடுத்தவருக்கு அந்தக் காணி எப்படி வந்தது என்று பாருங்கள். அவருக்குப் பாதிப் பங்குதான் இருந்திருந்தால் அவர் கொடுத்ததும் பாதிதான். பிறகு கீழே, அந்த வரிக்குப் பின் என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கம் நிறைந்தால் வேறொரு போலியோவுக்குக் கொண்டுபோன குறிப்பு இருக்கும். அதையும் திறக்கச் சொல்லுங்கள். கூடுதலாகத் தப்பு நடப்பது இங்கேதான். அதே காணிக்கு, எல்லையைச் சற்று மாற்றி எழுதிய பின்னைய உறுதி ஒன்று புதுப் போலியோவில் பதிந்திருக்கும். பழைய பக்கத்தைப் பார்த்தால் காணி பள்ளிக்கூடத்துடையது, புதுப் பக்கத்தைப் பார்த்தால் கிரயமாக விற்றாகிவிட்டது. காணியின் பெயரை மட்டும் நம்பாமல் நான்கு எல்லைகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால்தான் இது பிடிபடும்.

நன்கொடை பதியப்படவே இல்லையென்றால்? 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இங்கே வெட்டுகிறது. பதியாத உறுதி, பின்னால் விலை கொடுத்து வாங்கிப் பதிந்தவருக்கு எதிராகச் செல்லாது. மோசடியோ கூட்டுச்சதியோ இருந்ததென்று நிரூபித்தால்தான் அந்த முன்னுரிமை உடையும். வாரிசுகள் காணியை இன்னொருவருக்கு விற்க முடிந்ததற்குப் பல இடங்களில் காரணம் இது. உறுதி எழுதிய நாளில் மாலை மரியாதையோடு படம் எடுத்திருப்பார்கள், பதிவுக்கு ஒருவரும் போயிருக்க மாட்டார்கள்.

மூல உறுதி தொலைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். நொத்தாரிசு தான் அத்தாட்சிப்படுத்தும் உறுதிகளின் இரண்டாம் பிரதியை மாதாமாதம் காணிப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆகவே பதிவேட்டில் ஏறாத உறுதிகூட நொத்தாரிசின் பெயரில் உள்ள பிரதிக் கட்டில் கிடக்கலாம். தேடுபவர்கள் அநேகமாகக் கேட்காமல் விடுவது இதைத்தான். போலியோவில் இல்லை என்று சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். நொத்தாரிசின் பெயரையும் வருடத்தையும் சொல்லி இரண்டாம் பிரதியைத் தேட விண்ணப்பியுங்கள். கிடைத்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஏடுகளின் விளிம்பு உதிர்கிறது. பக்கமே கிழிந்து போனால் பிறகு யாரிடம் கேட்பது?

உறுதி கிடைத்ததும் சட்டத்தரணியிடம் போகுமுன் நீங்களே மூன்று இடங்களை வாசியுங்கள்.

முதலாவது, ஏற்பு. நன்கொடை என்றால் பெறுபவர் ஏற்க வேண்டும். ஏற்காத நன்கொடை நிறைவேறாது. அரசின் சார்பில் யார், எந்தப் பதவியில், எந்தத் திகதியில் ஒப்பமிட்டார் என்று உறுதியிலோ வேறு பத்திரத்திலோ இருக்க வேண்டும். முழு விசயமும் தங்கியிருப்பது இந்த ஒப்பத்தில். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணியை உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் இடையூறின்றி ஆண்டவர் உரிமை கோரலாம். அரச காணிக்கு எதிராக அந்த 10 வருடக் கணக்கு ஓடாது. ஏற்பு இருந்தால் வேலிக்காரர் எத்தனை வருடம் மரக்கறி போட்டாலும் காணி அரசுடையதுதான். ஏற்பு இல்லையென்றால் அது இன்னும் கொடுத்தவரின் குடும்பக் காணி, வேலிக்காரருக்கு வழக்காட இடமுண்டு. ஓர் அதிகாரி அன்றைக்குப் போட வேண்டிய ஒரு கையெழுத்தைப் போடாமல் விட்டதால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மைதானத்தை இழக்கிறார்கள். இதைச் சின்னத் தவறு என்று யாரும் சொல்லக் கூடாது.

இரண்டாவது, நோக்கம் எழுதியிருக்கும் இடம். "கல்வி வளர்ச்சியில் கொண்ட விருப்பினால்" என்று முன்னுரையில் மட்டும் இருந்தால் அது கொடுத்தவரின் மனதைச் சொல்கிறது, பெற்றவரைக் கட்டுவது கடினம். காணியைக் கையளிக்கும் வாசகத்திலேயே "பாடசாலை நடத்துவதற்காக மட்டும்" என்றோ, "நம்பிக்கைப் பொறுப்பாக" என்றோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறப் பொறுப்பு என்று வாதிடலாம். வறுமை நீக்கம், கல்வி, சமயம், பொது நன்மை எல்லாம் 99ஆம் பிரிவுக்குள் வரும். "இன்ன காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் வாரிசுக்குத் திரும்பும்" என்ற வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், சும்மா கிடக்கும் ஒவ்வொரு வருடமும் ஊருக்கு எதிராக எண்ணப்படுகிறது.

மூன்றாவது, கொடுத்தவர் எந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பது. இது மலைநாட்டுக்கே உரிய விசயம். கண்டியச் சட்டத்துக்கு, அதாவது கண்டியச் சிங்களவருக்குரிய மரபுச் சட்டத்துக்கு உட்பட்டவர் எழுதிய நன்கொடையைப் பொதுவாக அவர் வாழ்நாளில் திரும்பப் பெறலாம். சில விதிவிலக்குகள்தான் உண்டு. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. திரும்பப் பெறும் உரிமையைக் கைவிடுவதாக உறுதியிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தால் பயமில்லை. அந்த வாசகம் இல்லாவிட்டால், பின்னால் இரத்து உறுதி ஏதும் பதிந்திருக்கிறதா என்று போலியோவில் பாருங்கள். பழைய கண்டிய உறுதிகளில் பரப்பை ஏக்கரில் எழுதாமல் அமுணம், பெலை என்று விதைப்புக் கணக்கில் எழுதியிருப்பார்கள். ஓர் அமுணம் எல்லா ஊரிலும் ஒரே அளவு இல்லை. அதை ஏக்கராக மாற்றிப் பேரம் பேசுவதை விட்டு, எல்லைகளைப் பிடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

மரணசாசனம் (உயில்) மூலம் விட்ட காணி என்றால் வழி வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அது நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில், அல்லது ஐந்து சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிட்டிருக்க வேண்டும். பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு, அதன்பின் நிறைவேற்றுநர் காணியைப் பெயர் மாற்றி எழுதும் உறுதி. இந்தக் கடைசிப் படி நடக்காமல் நின்றுபோன காணிகளுக்குப் போலியோவில் ஒரு வரிகூட இருக்காது, இறந்தவர் பெயரிலேயே கிடக்கும். அப்போது தேட வேண்டிய இடம் பதிவகம் அல்ல, நீதிமன்றப் பதிவறை. வழக்கிலக்கம் தெரியாவிட்டால் இறந்த வருடத்தையும் பெயரையும் வைத்துக் கேளுங்கள்.

தோட்டக் காணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மைதானம், வாசிகசாலை, பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்), கோயில் மண்டபம் என்று தோட்டத்தை நடத்திய துரை கொடுத்த கடிதத்தை பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கடிதம் உறுதி ஆகாது. மேலே சொன்ன 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டும். அதோடு, 1992இலிருந்து தோட்டங்களை நடத்தும் கம்பனிகள் குத்தகைதாரர்கள்தான். காணி அவர்களுடையது அல்ல, தானம் செய்ய அவர்களுக்கு உரிமையும் இல்லை. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டத்துக்கும், கம்பனித் தோட்டங்களை எடுத்த 1975ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்துக்கும் முன் எழுதிய உறுதி இருந்தால் அது பெரிய பலம். வாய்ச்சொல்லாக மட்டும் கொடுத்திருந்தால் காணி தோட்டத்தோடு சேர்ந்து அரசுக்குப் போய்விட்டது. 1972இல் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த தனியார் தங்கள் காணி விபரங்களைக் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குப் பிரகடனமாகக் கொடுத்தார்கள். அந்தப் பிரகடனத்தில் அன்றைய உரிமையாளர் இந்தத் துண்டை எப்படிக் காட்டியிருக்கிறார், அல்லது காட்டாமல் விட்டிருக்கிறார் என்பது நல்ல சாட்சி. கேட்டு வாங்குங்கள்.

அளவைக்கு வருவோம். பழைய உறுதியில் காணியை விவரிக்கும் அட்டவணையில் ஏக்கர், றூட், பேர்ச் என்று இருக்கும். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஓர் ஏக்கர், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. சரிவில் நாடா பிடித்து அளந்துவிட்டு காணி பறிபோய்விட்டது என்று மனு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் உள்ள பரப்பு கிடைமட்டப் பரப்பு. 30 பாகைச் சரிவில் மேலிருந்து கீழாக 100 அடி நாடா போட்டால் வரைபடத்தில் அது 87 அடிக்குச் சற்றுக் குறைவு. சரிவோடு நாடா பிடித்து 160 பேர்ச் என்று கணித்த இடம் வரைபடத்தில் 139 பேர்ச்சுக்குக் கிட்டத்தான் வரும். இந்தப் பிழையோடு மனு போனால் முழு மனுவின் பெறுமதியும் போய்விடும். உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் பழைய வரைபடத்தைப் புதிய அளவையின் மேல் பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். வேலி எத்தனை பேர்ச் உள்ளே வந்திருக்கிறது என்று ஒரே தாளில் தெரியும். தேயிலை மலை, ஓடை, வண்டிப் பாதை என்று எழுதிய எல்லைகளில் ஓடை இடம் மாறும், பாதை அகலும். பழைய வரைபட இலக்கம் உறுதியில் இருந்தால் நில அளவைத் திணைக்களத்தில் பிரதி கேட்கலாம். அரச அளவையைப் பிரதேச செயலாளர் கோரினால்தான் நடக்கும், வரிசையும் நீளம். தனியார் அளவைக்கு காசு போகும், ஆனால் காத்திருப்பு குறைவு. ஊர்ச் சங்கம் ஒன்று முதலில் செலவிட வேண்டியது இதற்குத்தான்.

பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு ஐந்துக்கு இரண்டு கொடுக்கலாம். போனால் பதில் கிடைக்கும்: "கோப்பு இங்கே இல்லை." அது பெரும்பாலும் உண்மைதான். 1950களில் கிராம சபைக்கு எழுதிய மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் அந்தச் சபைகள் போய் மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தோடு பிரதேச சபை வந்தது. பாடசாலையும் மருந்துச்சாலையும் என்றால், அதே 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ். நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்தாக இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் இப்போது பத்து. அம்பகமுவையிலிருந்து நோர்வூட், நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை பிரிந்தன. ஒவ்வொரு மாற்றத்திலும் கோப்பு ஒரு கந்தோர் பின்னால் நிற்கும். புதிய செயலகத்தில் இல்லையென்றால் பழைய செயலகத்தில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் மாவட்டச் செயலகம், அதாவது பழைய கச்சேரி. அதற்கும் முந்திய காகிதங்களுக்கு தேசிய சுவடிகள் திணைக்களத்தின் கண்டிக் கிளை.

தோட்டத்துக்குள் உள்ள மைதானத்தை ஏன் ஒரு சபையும் திருத்தவில்லை என்று கேட்பவர்களுக்கு: 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடச் சட்டமே தடையாக இருந்தது. இப்போது அந்தச் சாக்கு செல்லாது.

காணிப் பிரிவின் உண்மையான குறை வேறு. கையில் ஆயுதம் இருக்கிறது, எடுப்பதில்லை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டப்படி, அத்துமீறியவருக்கு 30 நாளுக்குக் குறையாத அறிவித்தல் கொடுத்து, விலகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே அத்துமீறியவர் காட்ட வேண்டியது அரசு கொடுத்த செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்து மூல அதிகாரம். நீண்ட உரிமை வழக்கு தேவையில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கத்தில் குடிசை போட்ட ஏழைக் குடும்பத்துக்கு இந்த அறிவித்தல் சீக்கிரம் வருகிறது. பள்ளிக்கூட மைதானத்தில் பாதியை வளைத்துக் கடை கட்டியவருக்கு ஏன் வருவதில்லை? இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

எழுத்தில் கேட்கும் வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்த வரிசையில் ஐந்துக்கு நாலரை பெறும் சேவை இதுதான், அதுவும் சரியாகக் கேட்டால். "ஏன் பயன்படுத்தவில்லை" என்று கேட்டால் ஒன்றும் வராது, ஏனென்றால் சட்டம் தருவது கந்தோரில் உள்ள பதிவுகளை. ஆகவே பத்திரத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: இந்த உறுதி இலக்கத்துக்குரிய ஏற்புக் கடிதத்தின் பிரதி, இந்தக் காணி பதிந்துள்ள சொத்துப் பதிவேட்டுப் பக்கம், இந்தக் காணிக்கு இதுவரை வழங்கிய குத்தகை, அனுமதிப்பத்திரம் எல்லாவற்றின் பிரதிகள், அளவை கோரிய கடிதமும் திகதியும், அகற்றல் அறிவித்தல் கொடுத்திருந்தால் அதன் பிரதி. சொத்துப் பதிவேட்டில் இல்லை என்று பதில் வந்தால் அதுவே பெரிய சாட்சி, கவலைப்படாமல் கோப்பில் வையுங்கள்.

தகவல் அலுவலர் பெற்றுக்கொண்டதை எழுத்தில் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், தகவல் பெரியதென்றால் மேலும் 21 நாள் நீட்டலாம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரே விண்ணப்பத்தைப் பிரதேச செயலகம், பிரதேச சபை, வலயக் கல்விக் கந்தோர் மூன்றுக்கும் ஒரே நாளில் போடுங்கள். மூன்று பதிலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் வரலாம். வழக்கறிஞருக்கு வேண்டியது அந்தப் பொருந்தாமைதான்.

மொழி விசயத்தில் ஒரு சொல். நுவரெலியா மாவட்டத்தின் அன்றைய ஐந்து பிரிவுகளும், பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்லை, ஹாலிஎல, ஹப்புத்தளை, மீகஹகிவுல, பசறை ஆகியவையும் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. தமிழில் விண்ணப்பம் கொடுத்துத் தமிழில் பதில் கேட்பது உரிமை. பழைய போலியோக்கள் ஆங்கிலத்தில், பிந்தியவை பெரும்பாலும் சிங்களத்தில். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். எல்லை வாசகத்தைப் பொழிப்பாகச் சொல்லக் கேட்காமல் சொல்லுக்குச் சொல் எழுதி வாங்குங்கள்.

நீதிமன்றம் கடைசிப் படி. அறப் பொறுப்பு மீறல் என்றால் மாவட்ட நீதிமன்றம், அதிகாரி கடமையைச் செய்யவில்லை என்றால் எழுத்தாணை (ரிட்) மனு. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். புதிய குத்தகை கொடுத்த செய்தி காதில் விழுந்த அன்றே திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காணி பற்றிய வழக்கு என்றால் வழக்குப் போட்டதையும் போலியோவில் பதிய மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் வழக்கு நடக்கும்போதே காணி கைமாறும். வழக்குக்கு முன்பே பதிவகத்தில் எச்சரிக்கைப் பத்திரம் ஒன்று பதியும் வழியும் உண்டு. அந்தக் காணி மேல் புதிதாக ஏதாவது உறுதி வந்தால் உங்களுக்கு அறிவிப்பார்கள். பெரிய செலவில்லாத வேலை, செய்பவர்கள் மிகக் குறைவு.

உங்கள் பகுதியில் பிம்சவிய, அதாவது காணி உரிமையை அரசு புதிதாகத் தீர்மானித்துப் பதியும் வேலை தொடங்கியிருந்தால் இதையெல்லாம் ஆறுதலாகச் செய்ய நேரமில்லை. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரிமைப் பதிவுச் சட்டப்படி, உரிமை கோருவோரை வர்த்தமானி அறிவித்தல் மூலம் கூப்பிடுவார்கள். வேலிக்காரர் தன் கோரிக்கையோடு போவார். பொதுக்காணிக்காக யார் போவது? பாடசாலை அதிபர் மாற்றலாகியிருப்பார், சபை கலைந்திருக்கும். பதிவகப் பிரதி, ஏற்புக் கடிதம், பொருத்திய வரைபடம், தகவல் உரிமைப் பதில்கள் நான்கையும் எடுத்துக்கொண்டு பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ ஊர்ச் சங்கமோ அந்த அழைப்பு நாளில் நேரே போய் எழுத்தில் கோரிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்ததற்குத் திகதி முத்திரையோடு பிரதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.